பெங்குவினை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? பகிருங்கள்

கடலோரன்:
போன டிசம்பரில் வேலை விஷயமாகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் போயிருந்தேன். ஒரு நாள் ஓய்வு கிடைத்ததும் காரில் சைமன்ஸ் டவுன் பக்கம் பவுல்டர்ஸ் கடற்கரைக்குப் போனோம். அங்கே டிசம்பர் என்றால் கோடை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, மணல் சுடுகிறது, அதில் பெங்குவின்கள் நிற்கின்றன! பெங்குவின் என்றாலே பனிக்கட்டி என்று நினைத்திருந்த எனக்கு நம்பவே முடியவில்லை.

மரப்பலகை நடைபாதைக்கு இரண்டடி தள்ளி ஒன்று நின்றது. வாயைத் திறந்து, நாய்க்கு இரைப்பது போல மூச்சு வாங்கியது. கண்ணுக்கு மேலே இறகில்லாத ஒரு தோல் திட்டு. காலையில் வெளிர் ரோஜா நிறத்தில் பார்த்த திட்டுகள் மதியத்துக்குள் நன்றாகச் சிவந்துவிட்டன. உடம்பில் சூடு ஏற ஏற ரத்தம் அந்த இடத்துக்கு அதிகமாகப் பாயும், காற்றுப் பட்டு ஆறும். குளிர்ந்த கடலுக்கென்று அடர்த்தியாக அமைந்த இறகைக் கரைக்கு வந்ததும் கழற்றி வைக்க முடியாதே! அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

இங்கே 1982இல் இரண்டு ஜோடிதான் குடியேறினவாம். மற்றபடி ஆப்பிரிக்கப் பெங்குவின் என்னும் இந்த இனத்தின் கதை வேதனையானது. தென்னாப்பிரிக்கத் தீவுகளில் காலங்காலமாகப் படிந்த பறவை எச்சத்தில் வளை தோண்டி, அந்தக் குளுமையில்தான் முட்டையிட்டு வந்தன. 19ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் அதை உரத்துக்காகச் சுரண்டி எடுத்துப் போய்விட்டார்கள். வீடு போனதால் இப்போது புதர் நிழலிலும், நாம் வைத்துக் கொடுக்கும் செயற்கைக் கூடுகளிலும் அடைகாக்கின்றன. சாப்பாடான மத்தியும் நெத்திலியும் குறைந்துவிட்டன. 2024இல் இந்த இனத்தை மிக அருகிவிட்ட உயிரினப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நினைத்தால் மனசு ஆறவில்லை.

மெல்பர்ன் மீனா:
அண்ணா, எங்கள் ஊர்ப் பக்கம் பிலிப் தீவில் இருப்பது வேறு வகை. ஓரடி உயரம், ஒரு கிலோ எடை, முதுகு நீலம். உலகிலேயே சின்னப் பெங்குவின் இதுதான். பகலில் கரைக்கு வந்தால் கழுகும் கடற்காக்கையும் விடாது என்பதால் இருட்டிய பிறகே வரும். அலை நுரையில் ஏழெட்டு நின்றன. முதலில் ஒன்று நாலடி வைத்தது, என்ன தோன்றியதோ, திரும்பித் தண்ணீருக்கே ஓடிவிட்டது. எல்லாம் கூட ஓடின. இப்படி மூன்று முறை. அப்புறம் கூட்டம் சேர்ந்ததும் மணலை ஒரே ஓட்டமாகக் கடந்து வளைக்குள் போய்விட்டன. அங்கே படம் எடுக்கக் கூடாது. சரியான விதி, கண்ணால் பார்த்ததே போதும்.

இவற்றுக்காக 1985இலிருந்து அரசாங்கம் பக்கத்துக் குடியிருப்பின் வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, 2010க்குள் முழுவதும் காலி செய்துவிட்டது. நீங்கள் சொன்னதற்கு நேர் எதிர், இல்லையா?

தூரதேசி:
நான் பார்த்தது பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகளில், பூமத்திய ரேகையிலேயே! எரிமலைப் பாறை இடுக்குதான் வீடு. வெயிலில் நிற்கும்போது குனிந்து, துடுப்புகளை முன்னால் நீட்டித் தன் பாதத்துக்குத் தானே நிழல் கொடுத்துக்கொள்ளும். ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர்ந்த நீரோட்டம்தான் இவற்றுக்கு உயிர். எல் நினோ வந்து 1982-83இல் கடல் சூடானபோது முக்கால்வாசிக்கும் மேல் அழிந்துவிட்டன.

மெல்பர்ன் மீனா:
அண்ணா, பவுல்டர்ஸில் சில பறவைகள் நோய் வந்தது போல் பிய்ந்த இறகோடு நிற்குமாமே?

கடலோரன்:
ஆமாம்மா, நானும் பார்த்தேன். நோய் இல்லை, இறகு மாற்றும் காலம். பழையது மொத்தமாக உதிர்ந்து புதியது முளைக்க மூன்று வாரம் ஆகும். அதுவரை இறகில் தண்ணீர் ஏறும் என்பதால் கடலுக்குப் போகாது, பட்டினிதான். முன்கூட்டியே தின்று சேர்த்த கொழுப்பில் ஓட்டும். அதனால்தான் கிட்டே போய் விரட்டாதீர்கள் என்கிறேன்.

புறப்படும்போது, வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு எடுக்கவும் என்று ஒரு பலகை கண்ணில் பட்டது. குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்துக்குப் பின்னால், பாதி உதிர்ந்த இறகோடு ஒன்று நிழலுக்கு ஒதுங்கி நின்றது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.