பதில்: ‘மிகைத்தெளிப்பு’ வேண்டாமே, சாரல் போதுமே

வணக்கம்.

நாம் தொகுக்கும் பெயிண்ட் வேலைச் சொற்பட்டியலில் ‘ஓவர்ஸ்பிரே’ (ஸ்பிரே அடிக்கும்போது குறி தப்பிப் பக்கத்தில் போய்ப் படியும் பெயிண்ட்) என்பதற்கு நேரே ‘மிகைத்தெளிப்பு’ என்று போட்டிருக்கிறோம். போன சனிக்கிழமை வரை எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறைக் கப்போர்டு கீல்களைக் கழற்றி மொட்டை மாடியில் நானே பெயிண்ட் அடித்தேன். அன்று மதியம் கருத்து மாறிவிட்டது.

மொத்தம் பதினான்கு கீல். பழைய இரும்புக் கீல்கள், முலாம் போய்த் துரு பூத்தவை. லாங் பஜாரில் 400 மில்லி ஸ்பிரே டப்பாவாகக் கருப்பு மேட் ஒன்றும் பிரைமர் ஒன்றும் வாங்கினேன். அடுப்புப் பக்கக் கீலில் எண்ணெய்ப் பிசுக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பு, அப்புறம் தின்னர், அப்புறம் உப்புத்தாள் என்று ஒரு காலைப்பொழுது அதிலேயே போனது. நடு ஊசியைத் தட்டி எடுத்துவிட்டேன். எடுக்காமல் அடித்தால் குழலுக்குள் பெயிண்ட் இறங்கிக் கீல் இறுகிவிடும். முதல் தடவை கதவைத் திறக்கும்போதே அந்த இடம் உரியும். (சாஃப்ட் குளோஸ் கீல் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். கதவை மெல்ல மூட வைக்க உள்ளே இருக்கும் டாம்பரில் பெயிண்ட் புகுந்தால் அது அவ்வளவுதான்.) திருகாணிகளைத் தலை மட்டும் தெரியும்படி தெர்மாகோலில் குத்தி வைத்தேன். பெயிண்ட் பட்டதும் தெர்மாகோல் கரைந்து குழிந்தது, ஆணிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அட்டையில் குத்தியிருக்க வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். கீல்களைக் கட்டுக்கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு, பின்னால் அட்டைப்பெட்டியை நிறுத்தி, ஓர் அடி தள்ளி நின்று மெல்லிசாக மூன்று தடவை அடித்தேன். கீல் என்பது இரண்டு விரல் அகலம், அதிலும் ஓட்டைகள். அடித்ததில் பாதிக்கு மேல் கீலில் படவே இல்லை என்பது அட்டையைப் பார்த்ததும் தெரிந்தது. அட்டையையும் தாண்டிப் போனது வேறு. கொடியில் காய்ந்த என் வெள்ளை வேட்டி, இரண்டு முழத் தூரத்தில், எள் தூவினாற்போல் ஆனது. இன்னும் தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டி மூடியிலும் கருப்பு. ஆனால் மூடியில் இருந்தது விரலால் தேய்த்ததும் கரித்தூள் மாதிரி வந்துவிட்டது. வேட்டியில் இருந்தது வரவில்லை, தின்னருக்கும் முழுதாக வரவில்லை. தூரம் போகும் துளியிலிருந்து தின்னர் வழியிலேயே பறந்துவிடுகிறது, பெயிண்ட் காய்ந்து தூளாகப் போய் இறங்குகிறது. அதிலும் இது வெயிலூர். பத்து மணிக்கே கைப்பிடிச் சுவரில் கை வைக்க முடியாது.

இதில் மிகை எங்கே இருக்கிறது? நான் அதிகமாக அடிக்கவில்லையே. உண்மையில் அதிகமாக அடித்தது இரண்டே கீல்களில். அங்கே பெயிண்ட் கண்ணீர் மாதிரி வழிந்து நின்றது, அதற்கு ‘ஒழுகல்’ என்ற சொல் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. ‘மிகைத்தெளிப்பு’ என்று படிக்கிறவர் அந்த ஒழுகலைத்தான் நினைப்பார். ‘குறைவாக அடித்தால் சரியாகிவிடும்’ என்று முடிவு கட்டுவார். குறைவாக அடித்தாலும் வேட்டி தப்பாது. பார்க்க வேண்டியது காற்றின் திசை, தூரம், மறைப்பு இவற்றைத்தான்.

என் பரிந்துரை: சாரல்.

ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் தினமும் கேட்கும் குரல், “சாரல் அடிக்குது, ஜன்னலைச் சாத்து.” மழை பெய்ய வேண்டிய இடம் வேறு, காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து நனைக்கிற இடம் வேறு. பெயிண்டிலும் அதேதான் நடக்கிறது. வினையும் கூடவே வருகிறது: சாரல் அடிக்கும், சாரல் படும், சாரலுக்குத் தட்டி கட்டலாம். மிகைத்தெளிப்பை வைத்துக்கொண்டு ஒரு பெயிண்டரிடம் எந்த வாக்கியத்தைச் சொல்வீர்கள்?

சிலர் ‘சிதறல்’ என்றார்கள். அதை இயற்பியல்காரர்கள் ஒளிக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘தெறிப்பு’ என்றால் எனக்குத் தாளிக்கும்போது கையில் படுகிற எண்ணெய் ஞாபகம் வருகிறது, பெரிய துளி.

காட்பாடியிலிருந்து

*

> என் பரிந்துரை: சாரல்.

ஐயா, வணக்கம். சாரல் என்றதும் ஆட்களுக்குக் குற்றாலம்தான் நினைவுக்கு வரும். மலைச்சரிவு என்ற பழைய பொருள் வேறு இருக்கிறது. ஒரு தொந்தரவுக்கு இவ்வளவு குளுகுளுவென்று பெயர் வைக்கலாமா?

நான் தோல் ஆலையில் பினிஷிங் பக்கம் இருந்தவன். அங்கே ஸ்பிரே மெஷினுக்குத் தோல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க சென்சார் உண்டு. விளிம்பு தாண்டினால் ஸ்பிரே துப்பாக்கி நின்றுவிடும். அப்படியும் தப்புவதைக் காற்றாடி இழுத்துத் தண்ணீர்த் திரையில் மோத விடும். எங்கள் ஆட்கள் அதைப் ‘புகை’ என்பார்கள். புழக்கத்தில் இருக்கிற சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே.

ராணிப்பேட்டையிலிருந்து

*

> எங்கள் ஆட்கள் அதைப் ‘புகை’ என்பார்கள்.

ஆலைக்குள் அது சரி, எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் பட்டியலைப் படிக்கப்போவது முதல் தடவை டப்பா வாங்குகிறவர். அந்த டப்பா தீப்பிடிக்கும் பொருள், மேலேயே நெருப்புப் படம் போட்டிருக்கிறது. அதற்கான குறிப்பில் ‘புகை வரும், பயப்பட வேண்டாம்’ என்று எழுத எனக்குக் கை வராது.

குற்றாலம் விஷயம்: அங்கே போய் நனைகிறவர்களுக்குச் சாரல் இனிமை. கொடியில் துணி போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் உங்கள் தண்ணீர்த் திரையைப் படித்த பிறகு ஒன்று தோன்றியது. பொருள்கள் மேல் படிவது ஒன்று, காற்றிலேயே நிற்பது இன்னொன்று. விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் மூடுபனி மாதிரி ஒன்று நின்றது. வேலை முடிந்தது என்று முகமூடியைக் கழற்றினேன், ராத்திரி வரை தொண்டையில் தின்னர் வாடை. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்கிறோமே, அதுதான். ஆக இரண்டு சொல்லாகவே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பட்டியலுக்கு இப்படி:

சாரல்: குறி தப்பிப் போய்ப் பக்கத்துப் பொருள்கள் மேல் படியும் பெயிண்ட். அருகில் ஈரமாக ஒட்டும், தூரத்தில் தூளாக இறங்கும்.

தூவானம்: அடிப்பதை நிறுத்திய பிறகும் காற்றில் நிற்கும் பெயிண்ட். அது அடங்கும்வரை முகமூடியைக் கழற்றக் கூடாது.

மெஷினில் விளிம்பு பார்க்கிற அந்தச் சென்சாரை உங்கள் ஆட்கள் என்னவென்று சொல்வார்கள்? தெரிந்தால் எழுதுங்கள், அதையும் சேர்த்துவிடலாம்.

காட்பாடியிலிருந்து