ஏற்காடு குடும்ப முகாம்: போவன் கோட்பாடு தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் சேலம் சபைக் குடும்பங்களுக்கு ஏற்காட்டில் ஒருநாள் முகாம். குடும்பத்தில் ஒருவரின் நடத்தையைத் தனியாகப் பார்க்காமல் மொத்தக் குடும்பத்தின் உறவுகளோடு சேர்த்துப் பார்க்கும் குடும்ப அமைப்புக் கோட்பாடு பற்றிப் பேசும் பொறுப்பு என் தலையில்.

இதை உருவாக்கிய அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் சொன்ன முக்கோணம் எளிதில் புரியும். இருவருக்கிடையே பதற்றம் ஏறினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள். பைபிளில் கணவன் ஈசாக்குக்குத் தெரியாமல் ரெபெக்காள் மகன் யாக்கோபைத் தன் பக்கம் இழுத்த கதையே போதும். ஆனால் நம் வீடுகளில் அந்த மூன்றாவது ஆள் பல நேரம் ஆண்டவர்தான்! "உன்னைப் பற்றி ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார்" என்று மாமியார் மருமகளிடம் சொன்னால் அது ஜெபமா, முக்கோணமா? யார் மனமும் நோகாமல் இதை எப்படிப் பேசுவது?

அப்புறம், தலைமுறை வழியாக வரும் பழக்கங்கள் என்றதும் பிதாக்களின் அக்கிரமம் பிள்ளைகள்மேல் விசாரிக்கப்படும் என்கிற யாத்திராகமம் 20-ஐ எடுத்து 'சாபம்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். மகன் தகப்பனின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்கிற எசேக்கியேல் 18-ஐ அதன் பக்கத்தில் வைக்கலாமா?

மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் (யார் யாருக்கு என்ன உறவு, என்ன சிக்கல் என்று காட்டும் படம்) வரையவைத்த போதகர்கள், ஆலோசகர்கள் யாராவது இருக்கிறீர்களா? குடி, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி எல்லாம் வெளியே வரும்; சபையில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். வீட்டிலேயே வரைந்து வைத்துக்கொள்ளச் சொல்வதா?

இந்தக் கோட்பாட்டைச் சபைகளுக்குப் பொருத்தி யூத ரபி எட்வின் ஃப்ரீட்மன் 1985-இல் எழுதிய புத்தகத்தை இரவல் தந்தால் அஸ்தம்பட்டிப் பக்கம் எங்கே வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.