பள்ளிக்கூட ஆர்ஓ: மூன்றே மாதத்தில் மெம்பிரேன் அடைப்பு

உசிலம்பட்டி பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்கு, வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் சேர்ந்து போன ஜூனில் ஆர்ஓ குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் வைத்துக் கொடுத்தோம். மணிக்கு 25 லிட்டர், 80 ஜிபிடி (நாளுக்கு 80 கேலன்) மெம்பிரேன், அதாவது உப்பைப் பிரிக்கும் சவ்வு, இரண்டு. போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் மொத்த உப்பு) லிட்டருக்கு 1,900 மி.கி., கடினத்தன்மை (சுண்ணாம்பு வகை உப்பு) 700 மி.கி. மூன்றே மாதத்தில் மெம்பிரேனில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, மணிக்கு 8 லிட்டர்தான் வருகிறது. பிள்ளைகள் 120 பேர்.

செடிமென்ட், கார்பன் ஃபில்டர் மாற்றியாச்சு. பம்ப் அழுத்தம் சரி. கழிவுநீர் வால்வையும் கூடுதலாகத் திறந்து பார்த்தோம். 2 சதவீத சிட்ரிக் அமிலத்தில் கழுவினால் இரண்டு வாரம் தாங்கும். முன்னால் சாஃப்ட்னர் (கடினத்தன்மையை நீக்கும் கருவி) வைப்பதென்றால், அதிலுள்ள 25 லிட்டர் ரெசினுக்கு (கடின உப்பைப் பிடிக்கும் மணிகள்) மூன்று நாளுக்கொரு தடவை உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். அந்த வேலையை டீச்சர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இவ்வளவு சின்ன மெஷினில் ஆன்டிஸ்கேலன்ட் (சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் மருந்து) விடும் டோசிங் பம்ப் வைத்து ஒரு வருஷமாவது மெம்பிரேனைக் காப்பாற்றியவர்கள், எந்த அளவில் மருந்து விட்டீர்கள்?