கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லையும் தலைகீழ்: விற்றவர்களில் ஒருவர் துபாயில், என்ன செய்வது?

குடவாசல் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். குடவாசலை அடுத்த கிராமத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்றைத் தை மாதம் கிரயம் வாங்கினோம். விற்றவர்கள் ஒரு தாயும் அவருடைய மூன்று பிள்ளைகளும். அந்த அம்மாவுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது, நடமாட்டம் குறைவு. மூத்த மகன் துபாயில் வேலை பார்க்கிறார். கையெழுத்துப் போடுவதற்கென்றே வந்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

கொல்லைப் பக்கம் இரண்டு அறை எடுத்துக் கட்ட வங்கியில் கடன் கேட்டோம். வங்கி வழக்கறிஞர் மூன்று தவறுகளைக் குறித்துப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1968ஆம் ஆண்டின் தாய்ப்பத்திரத்தில் (இந்தச் சொத்தின் பழைய மூலப் பத்திரம்) "வாய்க்காலுக்குத் தெற்கு, தெருவுக்கு வடக்கு" என்று இருக்கிறது. அதாவது கொல்லையில், வடக்கே வாய்க்கால். வாசலில், தெற்கே தெரு. வீடும் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் பத்திரத்திலோ "தெற்கில் வாய்க்கால், வடக்கில் தெரு" என்று எழுதியிருக்கிறார்கள். கிழக்கும் மேற்கும் அதே போல மாறிவிட்டன. இரண்டாவது, தாய்ப்பத்திரத்தில் 18 குழி, அதாவது 2,592 சதுர அடி, எங்களுடையதில் 2,529. மூன்றாவது, என் கணவரின் தலைப்பெழுத்து "கோ" என்பதற்குப் பதில் "கே".

எங்கள் பத்திரத்தைத் தயாரித்த எழுத்தர், "பட்டா உங்கள் பெயருக்கு வந்துவிட்டது, இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்" என்கிறார். இருந்த நகையெல்லாம் இந்த வீட்டுக்குத்தான் போயிற்று. மனம் ஒப்பவில்லை. இன்னொன்று: தாய்ப்பத்திரத்தில் தஞ்சாவூர் மாவட்டம், 1994ஆம் ஆண்டின் பாகப்பிரிவினையில் நாகப்பட்டினம் மாவட்டம், எங்களுடையதில் திருவாரூர் மாவட்டம். இதையும் திருத்த வேண்டுமா?

ஆவண எழுத்தர், மன்னார்குடி:

அம்மா, மாவட்டத்தை முதலில் விட்டுவிடுங்கள். 1991இல் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் திருவாரூர் பிரிந்தது. அந்தந்த ஆண்டில் எந்த மாவட்டமோ அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். அது பிழையே இல்லை.

மற்ற மூன்றும் பிழைதான். "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று ஒருவர் சொன்னதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இன்று வங்கி பார்த்துவிட்டது. நாளை உங்கள் பிள்ளைகள் விற்கப் போனால் வாங்குகிறவர் பார்ப்பார். அப்போது கையெழுத்துப் போட யார் இருப்பார்கள்?

எல்லை எப்படிப் புரண்டது என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது. நம் பக்கத்துப் பழைய பத்திரங்கள் மனை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும்: இன்னார் மனைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு. இப்போதைய பத்திரங்கள் பெரும்பாலும் எந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று எழுதுகின்றன. பழையதைப் பார்த்து அப்படியே திசையை எடுத்துப் போட்டால் நான்கும் தலைகீழாகிவிடும். இதே தவறோடு வந்த பத்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அளவும் எல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்குத்தான் முதலிடம் கொடுக்கும். அதனால் இதைச் சின்னப் பிழை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அளவில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது. தஞ்சைப் பகுதியில் குழி 144 சதுர அடி. 18 குழிக்கு 2,592 சரிதான். ஆனால் தாய்ப்பத்திரத்தை மட்டும் நம்பாமல், பட்டாவில் எத்தனை சதுர மீட்டர் என்று பாருங்கள். 241க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். திருத்தத்தில் பரப்பு கூடுவதால், கூடுகிற 63 சதுர அடிக்கு முத்திரைத் தீர்வை கேட்க வாய்ப்புண்டு. தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் காட்டி எழுத்துப்பிழை என்று எடுத்துச் சொல்லுங்கள். அப்படியே கட்டச் சொன்னாலும் கட்டிவிடுங்கள், அதற்காக நிறுத்த வேண்டாம்.

வழி ஒன்றுதான்: பிழைதிருத்தல் பத்திரம். கிரயம் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில், பழைய ஆவண எண்ணையும் ஆண்டையும் குறிப்பிட்டு, விற்ற நால்வரும் நீங்களும் கையெழுத்திட வேண்டும். மூன்று பிழைகளையும் ஒரே பத்திரத்தில் திருத்தலாம். "இவ்வாறு இருப்பதை இவ்வாறு படிக்கவும்" என்று பிழையையும் திருத்தத்தையும் அடுத்தடுத்து எழுதுங்கள். சொத்து விவரத்தை முழுமையாக மறுபடியும் கீழே எழுதுங்கள். பதிவுக்கு முன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று நான்கு பக்கமும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அந்த அம்மாவை அலைக்கழிக்க வேண்டியதில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 31, 38 பிரிவுகளின்படி, உடல்நலம் இல்லாதவர் வீட்டுக்கே பதிவு அலுவலர் வந்து பதிவு செய்யலாம். மருத்துவச் சான்றோடு மனுக் கொடுங்கள். ஆனால் தள்ளிப் போடாதீர்கள். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டிவரும்.

நீடாமங்கலம் மருமகள்:

அக்கா, எங்கள் பத்திரத்திலும் ஒருவர் வெளிநாட்டில்தான். அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (தனக்காகக் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதித் தன் தம்பிக்கு அனுப்பினார். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பவரில் "பிழைதிருத்தல் பத்திரம் எழுதிக் கொடுக்கவும்" என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறுமனே விற்கும் அதிகாரம் மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று.

ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர், வலங்கைமான்:

எழுத்தர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். புதிதாக ஒரு வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் விவரம் காட்டும் சான்று) போட்டுப் பாருங்கள். பத்திரத்தில் சரியாக இருந்து, வில்லங்கத்தில் மட்டும் தவறாக ஏறியிருந்தால் அதற்குப் பிழைதிருத்தல் பத்திரம் வேண்டாம். சார்பதிவாளரிடம் மனுக் கொடுத்தால் போதும். பட்டாவிலும் "கே" என்று ஏறியிருந்தால் அது வட்டாட்சியர் வேலை, பதிவுத்துறையால் ஆகாது. பத்திரம் திருத்திய பிறகு அதன் நகலோடு பட்டா திருத்த மனுவைத் தனியாகக் கொடுங்கள்.

விற்றவர்கள் ஒத்து வராவிட்டால் 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 26ஆம் பிரிவின் கீழ் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். உங்கள் நிலைமை அதுவல்ல என்று தெரிகிறது.

குடவாசல் வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டாவில் 241 சதுர மீட்டர் என்றுதான் இருக்கிறது. அந்த அம்மாவிடம் பேசினேன். "நான் இருக்கும்போதே முடித்துவிடு" என்றார். மூத்தவரும் பவர் அனுப்பச் சம்மதித்துவிட்டார். பதிவுச் செலவை யார் ஏற்பது முறை?

ஆவண எழுத்தர், மன்னார்குடி:

வழக்கமாக வாங்கியவர் கட்டுவார். உங்கள் விஷயத்தில் எழுதியவர் செய்த பிழை. எழுத்துக்கூலி வாங்காமல் அவரே திருத்தி எழுதித் தர வேண்டும், உரிமையோடு கேளுங்கள். வரைவு தயாரானதும், எண்களையும் பெயர்களையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். எல்லைப் பகுதியை நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.