இஃப்-மாடிஃபைட்-சின்ஸ் அனுப்பியும் 304 வரவில்லை, எப்போதும் 200தான்

கேள்வி:
பைத்தான் 3, ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி. ஒரு ஃபீடை (தளத்தின் புதுப் பதிவுகள் வரும் ஃபைல்) தினம் ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானே ஓட்டுவது) எடுக்கிறேன். ஒன்றுமே மாறாத நாளிலும் முழு ஃபைலும் இறங்குகிறது. கடைசியாக எடுத்த நேரத்தை (இந்திய நேரம்) ஸ்ட்ரெஃப்டைமில் (நேரத்தை எழுத்தாக்கும் ஃபங்ஷன்) போட்டு, முடிவில் ஜிஎம்டி என்று ஒட்டி, இஃப்-மாடிஃபைட்-சின்ஸ் ஹெடரில் ('இதற்குப் பின் மாறியிருந்தால் மட்டும் கொடு' என்று சர்வரிடம் சொல்லும் வரி) அனுப்புகிறேன். மாறவில்லை என்றால் 304 வர வேண்டும், முழு ஃபைலோடு வருவது 200. அதே ஸ்கிரிப்டை டெர்மினலில் ஓட்டினால் லேட்டின்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறிமுறை) என்கோட் எரர். சர்வர் என்ஜின்எக்ஸ்.

பதில் 1:
இரண்டும் வேறு வேறு கோளாறு. முதலில் எரர். ஸ்கிரிப்டில் எங்கோ செட்லொகேல் இருக்கும், அது டெர்மினலின் லொகேலை (மொழி, தேதி வடிவ அமைப்பு) எடுத்துக்கொள்ளும், அந்த லொகேல் தமிழாக இருக்கும். கிழமையும் மாதமும் தமிழில் வருகின்றன. ஹெடரை லேட்டின்-1ல் மாற்ற முடியாமல் பைத்தான் விழுகிறது. கிரானில் லொகேலைச் சொல்லும் லாங் வேரியபிள் இல்லாததால் சி லொகேல் (ஆங்கிலப் பெயர்கள்), அங்கே தப்பித்துவிட்டது. ஒருவகையில் தமிழாக இருந்தது நல்லது. ஜெர்மன் லொகேல் என்றால் எரரே வராது. தேதி புரியாத சர்வர் ஹெடரைக் கண்டுகொள்ளாமல் 200 கொடுத்துவிடும்.

ஸ்ட்ரெஃப்டைமை விடுங்கள். ஈமெயில் யூட்டில்ஸில் ஃபார்மேட்டேட் இருக்கிறது, லொகேலைப் பார்க்காது. யூஸ்ஜிஎம்டி ட்ரூ என்று கொடுக்க மறந்தால் முடிவில் -0000 வரும், அது செல்லாது. சரியான தேதி எப்போதும் 29 எழுத்து. 6ஆம் தேதி என்றால் 06.

பதில் 2:
வடிவம் சரியானாலும் உங்களுக்கு 304 வராது. என்ஜின்எக்ஸ் இயல்பில் 'எக்ஸாக்ட்': அனுப்பும் நேரம் ஃபைலின் நேரத்தோடு நொடி பிசகாமல் பொருந்த வேண்டும். நீங்கள் எடுத்த நேரம் எப்படிப் பொருந்தும்? போன முறை சர்வரிடமிருந்து வந்த லாஸ்ட்-மாடிஃபைட் ஹெடரை (ஃபைல் கடைசியாக மாறிய நேரம்) எழுத்து மாறாமல் சேமித்து, அப்படியே திருப்பி அனுப்புங்கள். தேதியைப் பிரித்துச் சேர்க்கும் வேலையே வேண்டாம்.

இந்திய நேரத்துக்கு ஜிஎம்டி ஒட்டுவது அதைவிட மோசம், 5:30 மணி நேரம் முன்னால் போகிறது. அப்பாச்சி சர்வராக இருந்தால் (அது நொடிப் பொருத்தம் பார்க்காது, அந்த நேரத்துக்குப் பின் மாறியதா என்றே பார்க்கும்), நீங்கள் எடுத்த பின் அந்த ஐந்தரை மணி நேரத்துக்குள் ஃபீட் மாறியிருந்தாலும் மறுநாள் 304 வரும். புதுப் பதிவு கைக்கே வராது, எரரும் இருக்காது.

கேள்வி கேட்டவர்:
லாஸ்ட்-மாடிஃபைட் திருப்பி அனுப்பினேன், 304 வருகிறது, நன்றி. சில ஃபீட்களில் அந்த ஹெடரே இல்லையே?

பதில் 2:
ஈடேக் ஹெடர் (ஃபைலின் பதிப்பைக் காட்டும் அடையாளக் குறி) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை இஃப்-நன்-மேட்ச் ஹெடரில் திருப்பி அனுப்புங்கள். மேற்கோள் குறிகளும், முன்னால் டபிள்யூ-சாய்கோடு இருந்தால் அதுவும் மதிப்பின் பகுதி, வெட்டக்கூடாது. இரண்டு ஹெடரும் சேர்ந்து போனால் சர்வர் ஈடேக்கைத்தான் பார்க்கும். இரண்டுமே இல்லாத ஃபீட் என்றால் முழுசாக இறக்கி ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறி) ஒப்பிடுவதுதான் வழி.