ஒரே கொல்லையில் இரண்டு சேவல்: நான் செய்த பிழை (பர்மாவில் கோழி வளர்ப்போர் எழுதியவை)

மோல்மீனிலிருந்து:

போன கார்த்திகையில் ஒரே அடையில் பொரித்த 11 குஞ்சுகளில் இரண்டு சேவலாகிவிட்டன. ஒன்று செவலை, மற்றது கருப்பு. "இரண்டு சேவல் ஒரு கொல்லையில் நிற்காது. ஒன்றை முருகனுக்கு விட்டுவிடு, இல்லையென்றால் குழம்பு வை" என்றார் மாமியார். நான் கேட்கவில்லை.

எட்டு மாதம் நின்றன. செவலைதான் பெரியவன். விடியலில் அவன் கூவிய பிறகே கருப்பன் தொண்டையைத் திறப்பான். மேல்நிலையில் உள்ள சேவலே முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்தொடரும் என்று 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்ததை மகன் படித்துக் காட்டினான். இதற்கும் ஓர் ஆராய்ச்சியா என்று மாமியார் சிரித்தார். இரை கிடைத்தால் செவலை கொக்கொக்கென்று ஊரையே கூட்டுவான். கருப்பன் வேலியோரமாக நின்று, சத்தமே இல்லாமல் தலையை மட்டும் ஏற்றி இறக்கிப் பெட்டையை அழைப்பான். செவலை திரும்பினால் போதும், ஒன்றும் அறியாதவன்போல மண்ணைக் கிளறுவான்.

ஆடி மழையில் வந்தது வினை. எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோழிகள் எல்லாம், கால்கள்மேல் உயர்த்திக் கட்டிய எங்கள் வீட்டின் அடியில் அடைபட்டுக் கிடந்தன. ஈரத்தில் கருப்பனின் உள்ளங்காலில் கட்டி வந்தது. அடுப்படியில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து ஆறு நாள் தனியாக வைத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக் கட்டினேன். ஏழாம் நாள் காலையில் வீக்கம் வற்றியிருந்தது. தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டைகளின் நடுவே இறக்கிவிட்டேன்.

செவலைக்கு அவன் யாரோ எவனோ. கழுத்து முடி குடைபோல விரிந்தது. இரண்டும் தலையைத் தாழ்த்தி அலகோடு அலகு வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன. பிறகு எகிறின. நான் சாக்கைப் போட்டுப் பிரிப்பதற்குள் கருப்பனின் கொண்டை கிழிந்து ஒரு கண் மூடிவிட்டது. இரத்தத்தைப் பார்த்த பெட்டைகளும் ஓடிவந்து அவனைக் கொத்தின. அவை கொத்தியதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

தட்டோனிலிருந்து:

தங்கச்சி, பிரித்தது பிழையில்லை, கண்மறைவாகப் பிரித்ததுதான் பிழை. சீக்குச் சேவலை நான் கொல்லையிலேயே கம்பிவலைக்கு அப்பால் அடைப்பேன். ஒன்றையொன்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கும். வலைக்கு இடையே இரண்டு கொத்து கொத்திக்கொள்ளும், அவ்வளவுதான். திரும்பச் சேர்ப்பதை இருட்டிய பிறகு, கோழிகள் கழியில் ஏறி அமர்ந்ததும் செய்வேன். அப்படியும் மறுநாள் காலை பக்கத்திலேயே இருப்பேன்.

பெட்டை எத்தனை என்று நீங்கள் சொல்லவில்லையே? ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை வேண்டும். குறைந்தால் மிதிபட்டே முதுகில் இறகு உதிர்ந்து தோல் சிவந்துவிடும். சேவல்களின் சண்டையைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை. என்னிடம் இப்போது பெட்டையே இல்லாத அடைப்பில் 4 சேவல்கள் ஒற்றுமையாக இருக்கின்றன. ஒரு நாள் ஒரு பெட்டை வேலி தாண்டி உள்ளே போய்விட்டது. அன்றைய கூத்தை எழுத மனமில்லை.

பெகுவிலிருந்து:

உங்களுக்கு வீட்டுச் சேவல்களோடு போகிறது. எங்கள் கொல்லை மூங்கில் காட்டை ஒட்டியது. காட்டுச்சேவல் வந்து போகும். வால் அடியில் வெள்ளைக் குஞ்சம் தெரியும், கூவல் வெடுக்கென்று அறுந்து நிற்கும். எடை முக்கால் வீசைகூட (சுமார் 1.2 கிலோ) தேறாது. ஒன்றரை வீசை எடையுள்ள என் இரண்டு சேவல்களையும் ஒரே காலையில் விரட்டிவிட்டது. அதன் குஞ்சுகள் இப்போது கூட்டுக்குள் அடைவதே இல்லை, பலா மரத்தில்தான் தூக்கம்.

மோல்மீனிலிருந்து:

அண்ணன் கேட்டதற்கு: பெட்டை 9தான். அதனால் கண் திறந்ததும் கருப்பனை முருகன் கோயிலிலேயே விட்டுவிட்டேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா பார்த்தார். கோயிலில் வேறு சேவல் கிடையாது. நாலு மணிக்கே கூவிப் பூசாரியை எழுப்பிவிடுகிறானாம்.