மாடியில் சோலார் போட்டால் நீண்ட காலத்தில் மிச்சம் உண்டா?

வைகைக்கரை
மதுரையில் தனி வீடு, தளம் போட்ட மாடி. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார். வெயில் காலத்தை ஒட்டிய மூன்று கரண்ட் பில்லில் 700 யூனிட் பக்கம் வருகிறது, மற்ற மூன்றில் 450 பக்கம். சோலார் போடுகிறவர் ஒருவர் வந்து பார்த்தார். 3 கிலோவாட் போட 1,90,000 ஆகும், பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 மானியம் வரும், மூன்றே வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார். மாமனார் வேண்டவே வேண்டாம் என்கிறார். போட்டு அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொங்குக்கதிர்
தாராளமாகப் போடுங்க சார். கோவையில் 2018-ல் 3 கிலோவாட் போட்டேன். முதல் வருடம் 4,380 யூனிட் கொடுத்தது, போன வருடம் 4,190. தேய்மானம் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இரண்டு ஏசி ஓடும், இரண்டு மாத பில்லுக்கு 900 யூனிட். 2024 ஜூலைக் கட்டணப்படி அதற்கு 5,940 ரூபாய் வரும். அந்த இரண்டு மாதத்தில் சோலார் கொடுக்கிற 700-ஐக் கழித்தால் 200, அதில் 100 இலவசம், மீதி 100-க்கு 235 ரூபாய். வருடத்துக்கு 34,000-க்கு மேல் மிச்சம். பேனலுக்கு 25 வருட வாரண்டி இருக்கிறது. இதைவிட நல்ல முதலீடு ஒரு குடும்பத்துக்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

குடந்தை ஆசிரியர்
தம்பி கொங்குக்கதிர் சொல்வது அவர் வீட்டுக் கணக்கு. என் வீட்டுக் கணக்கையும் கேளுங்கள்.

2017-ல் 2,10,000 கொடுத்து 3 கிலோவாட் போட்டேன். வீட்டில் நானும் மனைவியும் மட்டும், 400 யூனிட்தான் ஓடும். இன்றைய கட்டணத்தில்கூட அதற்கு பில் 1,195 ரூபாய். முழுவதும் பூஜ்யமானாலும் வருடத்துக்கு 7,170 ரூபாய்தான் மிச்சம். நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இதில் ஆறாம் வருடம், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர் போனது. போட்டுக் கொடுத்த கம்பெனியைத் தேடிப் போனால் அந்த இடத்தில் செருப்புக் கடை இருக்கிறது. இன்வெர்ட்டர் நின்றதே எங்களுக்கு அடுத்த பில்லில்தான் தெரிந்தது. சித்திரை வெயில் முழுக்க வீணாகப் போனது. புது இன்வெர்ட்டர் 32,000. அந்தப் பணம் வங்கி டெபாசிட்டில் கிடந்திருந்தால் வட்டியிலேயே பில்லைக் கட்டியிருப்பேன்.

கொங்குக்கதிர்
ஐயா, உங்களுக்கு நேர்ந்தது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் டெபாசிட் வட்டிக்கு வரி உண்டு, மிச்சமாகிற பில்லுக்கு வரி கிடையாது. இன்னொன்று, நான் போட்டபோது 500 யூனிட்டுக்கு மேல் எவ்வளவு ஓடினாலும் யூனிட் 6.60-தான். 2022 செப்டம்பரில் ஏறியது, 2024 ஜூலையில் மறுபடி ஏறியது. இப்போது என் 900-ஆவது யூனிட்டின் விலை 10.70. பேனல் கொடுப்பது அதே யூனிட்தான், அதன் மதிப்புதான் ஏறிக்கொண்டே போகிறது. டெபாசிட் வட்டி இப்படி ஏறுமா?

குடந்தை ஆசிரியர்
கட்டணம் ஏறும் என்றே ஏன் நினைக்கிறீர்கள்? 2025 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். குறைந்த யூனிட் ஓடி, கட்டணத்தின் கீழ்ப்படியில் இருப்பவர்களுக்கு அரசு ஏற்கெனவே சல்லிசாகத் தருகிற மின்சாரத்தை, லட்சம் செலவழித்து நாமே எதற்குத் தயாரிக்க வேண்டும்?

தாம்பரம் 2பி
பணக்கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சாங் புயலின்போது, 2023 டிசம்பரில், எங்கள் பகுதியில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. மாடியில் சோலார் வைத்திருந்த அக்கா வீட்டிலும் இருட்டுதான். மழை விட்டு வெயில் வந்த பிறகும் ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. சோலார் இருந்தால் கரண்ட் போகாது என்று சொல்லித்தான் அவளிடம் விற்றிருக்கிறார்கள்.

கம்பத்தில் 22 வருடம்
மின்வாரியத்தில் லைன் வேலை பார்க்கிறேன். அக்கா வீட்டில் நடந்தது கோளாறு இல்லை சகோதரி. பேட்டரி இல்லாத சோலார், லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிட வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரை அணைத்துவிட்டு நாங்கள் கம்பத்தில் ஏறி நிற்கும்போது, எவர் வீட்டு மாடியிலிருந்தோ கரண்ட் வந்தால் என்ன ஆகும்? அது நிற்பதால்தான் நாங்கள் உயிரோடு இறங்குகிறோம். கரண்ட் போகும்போதும் வேண்டுமென்றால் பேட்டரி வைத்த வகை போட வேண்டும், அதற்குச் செலவு தனி.

அப்புறம் மதுரைக்காரருக்கு. இவர்கள் இருவரும் சொல்வது சரிதான், இரண்டு வீடும் வேறு. நம் ஊரில் பில் படிப்படியாக ஏறுகிறது. 201-லிருந்து 400 வரை யூனிட் 4.80, 500-க்கு மேல் 8.55, 600-க்கு மேல் 9.65. சோலார் கொடுக்கிற யூனிட் மேல்படியிலிருந்து கழியும். அதனால் முதல் கிலோவாட் சம்பாதிப்பது அதிகம், கடைசிக் கிலோவாட் சம்பாதிப்பது குறைவு.

உங்கள் கணக்கைப் போட்டேன். 700 யூனிட்டுக்கு 3,905, 450-க்கு 1,517. வருடத்துக்கு சுமார் 16,270 ரூபாய் கட்டுகிறீர்கள். ஒரு கிலோவாட் நம் வெயிலுக்கு, வருடம் முழுக்கச் சராசரி பார்த்தால், நாளுக்கு 4 யூனிட் கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குறையும், பங்குனியில் கூடும். 2 கிலோவாட் போட்டால் பில்லுக்கு 480 யூனிட். 700 வருகிற பில் 331 ரூபாயாகும், 450 வருகிற பில் பூஜ்யம். மிச்சம் 15,270. 3 கிலோவாட் போட்டால் மொத்தமும் பூஜ்யம், மிச்சம் 16,270. மூன்றாவது கிலோவாட்டுக்கு வருடம் ஆயிரம் ரூபாய்தான் வேலை.

2 கிலோவாட்டுக்கு மானியம் 60,000. 1,35,000-க்குள் முடிந்தால் கைச்செலவு 75,000, ஐந்து வருடத்தில் எடுத்துவிடலாம். 3 கிலோவாட் என்றால் கைச்செலவு 1,12,000, ஏழு வருடம். மூன்று வருடம் என்று சொன்னவர் உங்கள் பில்லைக் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை.

கொங்குக்கதிர்
இந்தப் படிக்கணக்கை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டில் மூன்றாவது கிலோவாட்டே வருடம் ஆறாயிரத்துக்கு மேல் கொடுக்கிறது, அதனால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். ஆனால் சார், பிள்ளைகள் வளர்வார்கள், இரண்டாவது ஏசி வரும், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வரும். ஐந்து வருடம் கழித்து உங்கள் பில் எந்தப் படியில் இருக்கும் என்பதையும் பாருங்கள். அதற்காகவே நான் 3 கிலோவாட் என்றுதான் சொல்வேன்.

குடந்தை ஆசிரியர்
வராத ஏசிக்கு இப்போதே பணம் போட வேண்டாம். நிழலையும் பாருங்கள். பக்கத்து மனைக்காரர் இரண்டாவது மாடி எழுப்பியதிலிருந்து மூன்று மணிக்கு மேல் என் பேனலில் பாதி நிழலில் கிடக்கிறது. வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் சோர்ந்துபோகிறது. போர் தண்ணீரால் கழுவாதீர்கள், உப்பு படிந்து வெள்ளையாகிவிடும்.

தாம்பரம் 2பி
அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லிஃப்ட், மோட்டார் போன்ற பொது உபயோகத்துக்குச் சங்கம் பெயரில் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. எங்கள் சங்கத்தில் மாடி யாருக்குச் சொந்தம் என்ற சண்டையே இன்னும் முடியவில்லை.

வைகைக்கரை
எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் மாடிக்குப் போய் நிழல் விழுகிற இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் மேற்கு ஓரத்தையும் கிழக்கு ஓரத்தையும் தின்கிறது. நடுவில் 200 சதுர அடி சுத்தமாக இருக்கிறது, 2 கிலோவாட்டுக்குச் சரியாக வரும். நாளை அந்த சோலார் போடுகிறவரிடம் அதற்குத் தனியாக விலை கேட்கிறேன்.

குடந்தை ஆசிரியர்
விலை கேட்கும்போது, ஐந்து வருடத்துக்கு முன் அவர் போட்டுக் கொடுத்த இரண்டு வீடுகளின் முகவரியையும் கேளுங்கள் தம்பி. நேரில் போய், பழுது என்று கூப்பிட்டால் எத்தனை நாளில் வருகிறார் என்று அந்த வீட்டம்மாவிடம் விசாரியுங்கள்.